யுஎன் மேல்முறையீட்டில் நம்பகத்தன்மை எங்கே அடிபடுகிறது?

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் ஒருவர் அகதியா இல்லையா என்பதைக் கோலாலம்பூரில் உள்ள யுஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் முகமை) அலுவலகமே விசாரித்து முடிவு செய்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் முடிவெடுத்தவர் இல்லாமல் வேறொரு அதிகாரி அதைப் பார்ப்பார். மறுபடி நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பி எழுத்தில் பாதியை விட்டுவிடாதீர்கள், எல்லோரையும் கூப்பிடுவதில்லை.

இலங்கையிலிருந்து வந்த நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு, கடிதத்தில் உள்ள காரணங்களைப் படிக்காமல் பழைய கதையையே இன்னும் உருக்கமாக எழுதுவது. கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாரையாவது பிடித்து, "ஐயா, கருணை காட்டுங்கள்" என்று நான்கு பக்கம் எழுதி வாங்குகிறார்கள். கருணைக்கு அங்கே வேலையில்லை. முக்கியச் சம்பவங்களில் போதிய விவரம் இருக்கிறதா, முன்னுக்குப்பின் முரண் உண்டா, ஊர் நிலவரத்தோடு பொருந்துகிறதா, நடக்கக்கூடியதுதானா என்றுதான் பார்ப்பார்கள். எந்தச் சம்பவத்தை நம்பவில்லை என்று கடிதம் சொல்கிறதோ, அதற்கு நேராகப் பதில் எழுதுங்கள்.

அடுத்தது தேதி. "2010 மார்ச் 12" என்று முதலில் அடித்துச் சொல்லிவிட்டு, பிறகு ஏப்ரல் என்றால் அது முரண்பாடாகப் பதிவாகும். தேதி நினைவில்லை என்றால் இல்லை என்றே சொல்லலாம். "நல்லூர்த் திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளி திறந்திருந்தது" என்பது, தவறான தேதியைவிட எவ்வளவோ மேல். சில்லறைப் பிசகுகளை வைத்து மட்டும் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டக் கூடாது என்பதுதான் நெறிமுறை. ஆனால் அந்தப் பிசகை மறைக்க இன்னொரு கதை கட்டினால், நிஜமாக நடந்ததையும் சந்தேகிப்பார்கள்.

முதல் நேர்காணலில் சொல்லாததை மேல்முறையீட்டில் சொல்லலாமா? தாராளமாக. ஆனால் ஏன் அப்போது சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தடுப்புக் காவலில் நடந்த பாலியல் கொடுமையை ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அது நியாயமான காரணம்தான். பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் செய்யலாம். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்ததைப் பயத்தில் மறைத்தவர்கள் நிலைமை சிக்கலானது. எழுதுவதற்கு முன் விவரம் தெரிந்த சட்ட உதவியாளரிடம் பேசிவிடுங்கள்.

ஆவணம் இல்லை என்பதற்காக வழக்கு தோற்காது. தஞ்சம் தேடி ஓடிவந்தவர் கையில் எல்லா ஆதாரமும் இருக்காது என்பது தெரிந்ததுதான். மொத்தத்தில் நம்பத்தக்கவராக இருந்தால், மீதமுள்ள சந்தேகத்தின் பலன் அவருக்கே. இது புரியாமல் சிலர் ஊரிலிருந்து கிராம சேவகர் கடிதம் என்று ஒன்றைச் 'செய்து' வரவழைக்கிறார்கள். இருக்கிற பெயரையும் கெடுக்கும் வேலை அது. யுஎன்எச்சிஆர் சேவைகளுக்குக் கட்டணமே கிடையாது. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்கும் ஏஜென்ட் ஒரே கதையைப் பத்துப் பேருக்கு விற்கிறவராகவும் இருக்கலாம்.

அப்புறம், எல்லா நிராகரிப்பும் "நீ சொல்வது பொய்" என்பதல்ல. "நடந்ததை நம்புகிறோம், ஆனால் இப்போது திரும்பிப் போனால் ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை" என்றும் கடிதம் வரலாம். போர் 2009இல் முடிந்துவிட்டதால் இலங்கையர்களுக்கு இது முக்கியமான கேள்வி. அப்படி வந்தால் பழைய காயத்துக்கு மேலும் சாட்சி தேடுவதில் பயனில்லை. வீட்டுக்கு இன்னும் யார் வந்து விசாரிக்கிறார்கள், கடைசியாக எப்போது வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை எழுதுங்கள்.