ஒரு டம்ளர் தண்ணீரில் ஆற்றின் வகை

அமேசான் படுகையில் எந்த ஆறு எந்த வகை என்று குழம்புகிறீர்களா? ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜெர்மானிய நீரியல் அறிஞர் ஹரால்ட் சியோலி வகுத்த மூன்று பிரிவுகள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பால் டீ மாதிரி கலங்கியிருந்தால் அது வெண்ணீர் ஆறு. ஆண்டிஸ் மலையின் வண்டலை அள்ளிக்கொண்டு வரும் சோலிமோயஸ், மதெய்ரா இரண்டும் இந்த ரகம். கரையில் மண் வளம் அதிகம், பயிர் நன்றாக வரும்.

கட்டன் டீ நிறத்தில் தெளிந்திருந்தால் கருநீர் ஆறு. ரியோ நெக்ரோதான் இதற்குப் பேர்போனது. மணற்பாங்கான காட்டுத் தரையில் மட்கிய இலைதழைகளின் சாறுதான் அந்த நிறம். பிஎச் தாளை நனைத்தால் 4, 5 என்று காட்டும், நல்ல அமிலம். ஒரு லாபம், கரையில் கொசுத்தொல்லை குறைவு!

பச்சை சாயலோடு பளிங்காக இருந்தால் தெளிநீர் ஆறு. மிகப் பழைய பாறை நிலத்திலிருந்து வரும் தபஜோஸ், ஷிங்கு போன்றவை.

தெளிநீர் ஆறு மழைக்காலத்தில் கலங்கக்கூடும் என்பதால் கோடையில் பார்ப்பதே நல்லது.

நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அறிய கரையோர மரங்களைப் பாருங்கள். அடிமரத்தில் வெள்ளம் நின்ற கறை தெரியும். பிரேசிலின் மனாவுஸ் நகர் அருகே வருடத்துக்குள் நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். உச்சம் பெரும்பாலும் ஜூனில், தாழ்வு அக்டோபர், நவம்பரில். சின்ன ஓடைகள் அப்படியல்ல, ஒரு மழைக்கு ஏறி, சீக்கிரமே வடிந்துவிடும்.