நவீன ஓவியத்தின் முன் நிற்கும்போது

கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் போன்ற இடத்துக்குப் போனால், “இது என்ன படம்?” என்று உடனே கேட்காதீர்கள். பவானி ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக நிறம் ஓடுகிறது. அதற்கு அர்த்தமா கேட்கிறோம்? சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை எப்படி எடுப்பாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் ஓரம் மங்கிய நிறக் கட்டங்களையும் அப்படியே பாருங்கள், ஐந்து நிமிடமாவது.

அப்புறம், ஓவியர் அதை எப்படிச் செய்தார் என்று தேடுங்கள். இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் ஓவியத் துணியைத் தரையில் விரித்து, சுற்றி நடந்துகொண்டே பெயிண்டைச் சொட்டவிட்டார். கிட்டே போய், எந்தக் கோடு அடியில், எது மேலே என்று பாருங்கள். அவர் கை போன வழி தெரியும். பிக்காசோ, பிராக் என்ற ஓவியர்களின் கியூபிசம் என்ற பாணியா? ஒரு குடத்தைச் சுற்றி வந்தால் தெரியும் பல பக்கங்களையும் ஒரே பரப்பில் வைத்திருப்பார்கள்.