சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

பைக் திருடு போகிறது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறோம், சீல் வைத்து ஒரு ரசீது தருகிறார்கள். கேஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் திரும்பி வருகிறோம். சில வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும்போதுதான் தெரிகிறது, வழக்கே பதிவாகவில்லை என்று. தமிழ்நாட்டில் நிறைய பேரை அலைய வைக்கும் தவறு இதுதான்.

அந்த ரசீது சி.எஸ்.ஆர். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அதனால் 14 நாள் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

"இது எங்க எல்லை இல்லை" என்றதும் திரும்பி வருவது அடுத்த தவறு. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம்; அதை உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ரயிலில் பை திருடு போனாலும் இதே விதிதான். பலரும் ஆர்.பி.எஃப். என்ற ரயில்வே பாதுகாப்புப் படையிடம் போய் நிற்கிறார்கள். அது மத்திய அரசின் படை. பயணியின் பை திருடு போனால் வழக்கு போடுவது மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த இருப்புப்பாதை போலீஸ்.

இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டால் கோபத்தில் நேரே டி.ஜி.பி.க்கும் முதல்வருக்கும் மனு போடுகிறோம். அது ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி., டி.எஸ்.பி. என்று படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் அதே இன்ஸ்பெக்டர் மேசைக்கே வந்து சேரும். சட்டம் காட்டும் வழி இதைவிடக் குறுகியது: புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டும். சென்னை, ஆவடி, மதுரை போன்ற கமிஷனர் அலுவலக எல்லைகளில் எஸ்.பி. கிடையாது, அந்த நிலையில் இருப்பவர் துணை கமிஷனர். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அப்போது பிரமாணப் பத்திரம் கேட்பார்கள், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான ஆதாரமும் தேவைப்படும். தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு இந்த இடத்தில் தவிப்பவர்கள் உண்டு.

சி.பி.சி.ஐ.டி.யையும் சி.பி.ஐ.யையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். முன்னது தமிழ்நாடு போலீசின் ஒரு பிரிவு, டி.ஜி.பி. உத்தரவிலேயே வழக்கு அங்கே மாறலாம். அரசியல் சட்டப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் சி.பி.ஐ. இங்கே விசாரிக்க மாநில அரசின் சம்மதம் வேண்டும். வழக்குக்கு வழக்கு கேட்காமல் விசாரிக்கத் தந்திருந்த பொதுச் சம்மதத்தைத் தமிழ்நாடு 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் அந்தச் சம்மதம் தேவையில்லை.

ஆன்லைனில் பணம் பறிபோனால் மட்டும் இந்த வரிசை எதுவும் வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடியும். ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்.