நந்தி மலைப் பக்கம் ஒயின் ருசிக்கப் போறீங்களா?

பெங்களூருவிலிருந்து நண்பர்களோடு தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் ஜாம்பா திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினால், முதலில் வண்டியைப் பேசி முடியுங்கள். போகும்போது ஆப்பில் கார் கிடைத்துவிடும். திரும்பி வரத்தான் திண்டாட்டம். டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுப்பதே சரி. "ரெண்டு மடக்குதானே மச்சி" என்பவனிடம் சாவியைத் தராதீர்கள். 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.யைத் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள், ஆனால் காரம் கூடாது. போன தடவை அல்சூரில் மிளகாய்ப் பொடி இட்லியை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போனோம். நாக்கு எரிந்த எரிச்சலில் ஷிராஸ், கேபர்நே என்ற சிவப்பு ஒயின் வகைகள் எல்லாம் ஒரே ருசி! தயிர்சாதம் போதும். சென்ட்டும் வேண்டாம், பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

வெள்ளை ஒயினில் தொடங்கி சிவப்புக்குப் போங்கள். கிளாஸைக் காம்பில் பிடித்துச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறை வாயில் உருட்டிவிட்டுத் துப்பலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மார்ச் வாக்கில் போனால் அறுவடையும் கண்ணில் படலாம்.