அமெரிக்க எல்லைப்புற ஊர் ஒன்று எப்படி உருவானது என்று தேடுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே முளைத்த எந்தச் சின்ன ஊரை எடுத்தாலும், இன்னார் இந்த வருஷம் நிறுவினார் என்று ஒரு வரி கிடைக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். ஊரின் கதை நிலத்தில்தான் இருக்கிறது. முதலில், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து அந்த நிலம் எந்த ஒப்பந்தத்தில் பறிபோனது என்று பாருங்கள். யாருமில்லாத புல்வெளி என்று தொடங்கும் ஊர் வரலாற்றை நான் நம்புவதில்லை.

அப்புறம் பட்டா. கூட்டரசின் நில மேலாண்மை அலுவலக இணையதளத்தில் பழைய பட்டாக்களை இலவசமாகவே பார்க்கலாம். குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை எடுத்து ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா, ஆகவே 1885 என்று தேதி இருந்தால் ஆள் 1880 வாக்கிலோ அதற்கு முன்போ வந்திருப்பார். ஆனால் பணம் கட்டிச் சீக்கிரமே வாங்கியவர்களும் உண்டு, எந்த வகைப் பட்டா என்று கவனியுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த விண்ணப்பக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், செலவானாலும் பரவாயில்லை. வீடு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார் என்று சாட்சிகள் சொன்னதெல்லாம் அதில் இருக்கும்.

கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் இருக்கும் மனை வரைபடத்தின் தேதி, மனை விற்கத் திட்டம் போட்ட நாள்தான். காகிதத்தோடு நின்றுபோன ஊர்கள் நிறைய. போஸ்ட் மாஸ்டர் நியமனப் பதிவேட்டை அதோடு ஒப்பிட்டால், தபால் நிலையம் திறந்த தேதியும் ஊரின் பழைய பெயரும் சேர்ந்து கிடைக்கலாம்.

ரயில் பாதையை மறக்கவே கூடாது. கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877இல் கான்சாஸில் அமைத்த நிக்கோடிமஸைப் பாருங்கள். மறு வருஷம் அங்கே வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று கேட்க, கணவர் தரையிலிருந்து எழும்பிய புகையைக் காட்டினாராம்; எல்லாம் மண்ணைக் குடைந்த வீடுகள். அவர் அழுதுவிட்டார். அப்படித் தொடங்கி வளர்ந்த ஊரை 1888இல் ரயில் பாதை தொடாமலே போனது, கடைக்காரர்கள் பலர் தண்டவாளம் பக்கம் இடம் மாறினார்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: 1890 ஏடுகள் 1921 தீ விபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட முழுசாக இல்லாமல் போயின. கான்சாஸ் ஊர் என்றால் 1885, 1895 மாநிலக் கணக்கெடுப்பைத் தேடுங்கள்.