லைட்டை அமத்துங்க: வெளிச்சம் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பையன் அவனுடைய ஆச்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கேமரா வாங்கி ரெண்டு மாதம்தான் ஆகிறது. இடம் பார்த்ததில் குறை சொல்ல முடியாது. வடக்குப் பார்த்த சன்னல், அதற்குக் கொஞ்சம் சாய்வாக நாற்காலி. பாம்படம் தொங்கிய காதிலும் கன்னத்துச் சுருக்கத்திலும் வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போனது. "எடுலே" என்று நான் வாயெடுப்பதற்குள் அவன் எழுந்துபோய் கூடத்தில் இருந்த அத்தனை ஸ்விட்சையும் தட்டிவிட்டான். ஒரு டியூப்லைட், ஃபால்ஸ் சீலிங்கில் நாலு மஞ்சள் பல்பு, சாமி படத்துக்கு மேலே சிவப்பு சீரியல் செட். போதாததற்குத் தங்கச்சியைக் கூப்பிட்டு போன் டார்ச்சைப் பிடிக்கச் சொன்னான். ஏன் என்று கேட்டேன். "வெளிச்சம் பத்தாதுல்லா மாமா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் செங்கோட்டையில் ஸ்டுடியோ போட்ட புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். லென்ஸ் மூடியோடு எடுப்பது, சார்ஜ் இல்லாமல் கிளம்புவது, கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது எல்லாம் ஒரு தடவை அவமானப்பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே முகத்தில் ரெண்டு நிறம்

வெளிச்சத்துக்கு நிறம் உண்டு. நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி எந்த விளக்குக்குக் கீழே இருந்தாலும் வெள்ளையாகவே தெரியும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் பாதிதான். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின். நண்பகல் வெயில் சுமார் 5500. மேகம் மூடிய வானமும் நிழலும் அதற்கும் மேலே, நீலத்தை நோக்கிப் போகும். டியூப்லைட் டப்பாவில் 6500 என்று போட்டிருப்பார்கள். சன்னல் வெளிச்சத்தோடு எண் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். மலிவான குழல்விளக்குகளில் பச்சை தூக்கலாக இருக்கும், அந்த எண் அதைச் சொல்லாது.

ஒரு படத்தில் ஒரே நிறத்து வெளிச்சம் இருந்தால் அது எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் கவலையில்லை. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். ரெண்டு நிறம் ஒரே முகத்தில் விழுந்தால்தான் வினை. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். வடிவேலன் கோயில் காவடி மாதிரி ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறங்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நிச்சயதார்த்தத்தில். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், தென்மலை தாண்டி ஒரு வீடு, ஓணம் முடிந்த வாரம், வெளியே விடாத சாரல். மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். அதனால் ரொம்பவே கவனமாகத்தான் இருந்தேன். பெண்ணைச் சன்னலோரம் உட்காரவைத்தேன். இடது கன்னத்தில் மழை மேகத்து வெளிச்சம், பட்டு மாதிரி. வலது கன்னம் இருட்டாகத் தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஃப்ளாஷை நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, சுவரில் அடித்துத் திருப்ப வேண்டும் என்று அப்போதுதான் ஒரு மூத்த கேமராமேனிடம் கேட்டு வைத்திருந்தேன். வலதுபக்கச் சுவரில் அடித்தேன். அந்தச் சுவர் என்ன நிறம் என்று பார்க்கவில்லை. பார்த்திருப்பேன், மனதில் பதியவில்லை.

கிளிப்பச்சை.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மலைக்கு ரெண்டு பக்கமும் சுவருக்கு அடிக்காத நிறம் கிடையாது. வெள்ளை ஃப்ளாஷ் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது பச்சையாகத்தான் திரும்பும். கேமராவின் பின்பக்கத் திரை சின்னது, அதில் எல்லாமே அழகு. முந்நூறு சொச்சம் படம் எடுத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, கணவாய் ஏறி வீடு வந்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டதும் தெரிந்தது. பெண்ணின் இடது கன்னம் லேசான நீலம், வலது கன்னம் பச்சை, நெற்றியில் மேலே எரிந்த மஞ்சள் பல்பு. பச்சையைக் குறைத்தால் இடது கன்னம் ரோஸ் பவுடர் அப்பியது போல ஆகிறது. மூன்று ராத்திரி உட்கார்ந்து படம் படமாக, கன்னம் கன்னமாகத் திருத்தினேன். பச்சை போனது, கூடவே தோலின் உயிரும் போனது. சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு ஆல்பத்தில் அச்சாகி வந்ததும் இன்னும் மோசம். பெண்ணின் அப்பா நல்ல மனுஷன், சத்தம் போடவில்லை. ஆல்பத்தை மெல்லப் புரட்டிவிட்டு, "அண்ணாச்சீ, எங்க மோளோட முகத்துல பாதிக்குப் பாசி பிடிச்சிருக்கே" என்றார். பாக்கிப் பணத்தை நான் கேட்கவில்லை. ஆல்பத்தைத் திரும்ப அச்சடித்த செலவும் என்னுடையது. கல்யாணத்துக்கு வேறு ஆள் வந்தார்.

கறுப்பு வெள்ளையாக மாற்றித் தப்பித்திருக்கலாமே என்று இன்றைக்குப் பையன்கள் கேட்கிறார்கள். அரக்குப் பட்டும் தங்க நகையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களிடம் கறுப்பு வெள்ளை ஆல்பத்தை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது பணம் போனதில் இல்லை. அந்த வலது கன்னம் இருட்டாக இருந்ததில் எந்தத் தப்பும் கிடையாது. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று இருந்தால்தான் முகத்துக்கு மேடு பள்ளம் வரும், மூக்குக்கு மூக்கு வரும். ரொம்ப இருட்டாகத் தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்திருக்கலாம். வீட்டிலேயே துவைத்து மடித்த வெள்ளை வேட்டி நாலு இருந்திருக்கும். சன்னல் வெளிச்சமே அதில் பட்டு அதே நிறத்தில் திரும்பி வந்திருக்கும். நாற்பது ரூபாய் அட்டை செய்யும் வேலையைப் பல ஆயிரம் ரூபாய் ஃப்ளாஷை வைத்துக் கெடுத்தேன்.

ஆகவே ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, லைட்டை எல்லாம் அமத்துங்கள். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. சன்னலில் வருவது மட்டும் மிஞ்சட்டும். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். சுவரிலிருந்து நிறம் வருகிறது என்றால் தாளிலேயே தெரியும். அப்படித் தெரிந்தால் ஆளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்காரவையுங்கள். ஃப்ளாஷ் அடித்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளைக் கூரையில் அடியுங்கள், அதுவும் வெள்ளைதானா என்று பார்த்துவிட்டு. மண்டபத்தில் மஞ்சள் விளக்கை அமத்த விடமாட்டார்கள். அங்கே எதிர்வழி: சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, ஃப்ளாஷுக்கு முன்னால் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு மஞ்சளோடு மஞ்சளாகச் சேர்ந்துவிடுங்கள். மொத்தப் படமும் ஒரே நிறம் என்றால் திருத்துவது அரை நிமிஷ வேலை.

இன்னொன்று. பழகும் காலத்தில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் வைக்காதீர்கள். போனில் ப்ரோ மோடில் 5500 என்று நிறுத்திவைத்து அப்படியே விட்டுவிடுங்கள். ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு மாறி, உங்கள் தப்பை உங்களிடமிருந்தே மறைத்துவிடும்.

அந்தப் பையன் வீட்டில் நானே போய் ஸ்விட்சை அமத்தினேன். ஆச்சி, "கரண்ட் போயிட்டா?" என்று கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் படம் நன்றாக வந்தது.

ஆப் சொல்லும் பொன்வேளையை நம்புவது

சூரியன் மறைவதற்கு முன் பொன்னிறமாக விழும் வெயிலுக்கு ஆசைப்பட்டு, மறையும் நேரத்தை ஆப்பில் பார்த்துவிட்டு, அதற்கு அரைமணிக்கு முன் வாருங்கள் என்று ஜோடியை வரச்சொல்வார்கள். ஆப் கணக்குப் போடுவது தட்டையான அடிவானத்துக்கு. செங்கோட்டை, புளியரைக்கு மேற்கே நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலை. கணக்குப்படி அஸ்தமனம் ஆவதற்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். ஜோடி மேக்கப்போடு வந்து இறங்கும்போது வயல் முழுக்க நிழல். கணவாய்க்கு அந்தப்பக்கம் தலைகீழ். தென்மலையில் மலை கிழக்கே இருப்பதால் காலை வெயில் தாமதமாக இறங்கும். முந்தின நாளே அதே இடத்தில் போய் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வேறு வழி இல்லை.

சூரியகாந்தியைச் சாயங்காலம் தேடிப் போவது

ஆடி மாதமானால் சுந்தரபாண்டியபுரம் சாலையில் கேரளப் பதிவெண் கார்கள் வரிசை கட்டும். எல்லாருக்கும் சூரியகாந்தித் தோட்டத்தில் படம் வேண்டும். குற்றாலத்தில் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, நாலரை மணிக்குத்தான் வருவார்கள். வந்து, பூவெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறதே என்பார்கள். சூரியனோடு சேர்ந்து திரும்புவது இளம் செடியும் மொட்டும்தான். நன்றாக மலர்ந்து முற்றிய பூ கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். சாயங்காலம் வெயில் அதன் பிடரியில்தான் விழும்.

பூவின் முகம் வேண்டுமென்றால் காலையில் வாருங்கள், வெயில் கண்ணைக் கூசவைப்பதற்கு முன். சாயங்காலம்தான் முடியும் என்றால் பின்னாலிருந்து வரும் வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இதழுக்குள் வெளிச்சம் ஊடுருவி விளக்கு மாதிரி எரியும். ஆளின் முகத்துக்குத் தெர்மோகோல். இது எனக்குக் காலைப் படத்தைவிடப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். தோட்டக்காரரிடம் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள், அது அவருடைய வெள்ளாமை.

உச்சி வெயில்

எடுக்காதீர்கள். சித்திரை பிறக்கும்போதும் ஆகஸ்ட் கடைசியிலும் எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். கண் ரெண்டும் குழி ஆகிவிடும்.

ரப்பர் தோட்டத்துப் புள்ளி வெயில்

கண்ணுக்கு அழகு, முகத்துக்கு அம்மை. தள்ளி நில்லுங்கள்.

கசவுப் புடவையில் மீட்டரை நம்புவது

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அரக்குப் பட்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை. சரிகைக்கரை போட்ட வெளிர்நிறக் கசவுப் புடவையும் முண்டும் கட்டிய முப்பது பேர் வரிசையாக நின்றால், அடேயப்பா எவ்வளவு வெளிச்சம் என்று அது ஏமாந்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். துணி அழுக்கு வெள்ளை, முகம் கரி. இந்த மாதிரி நேரத்தில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 முதல் 1 ஸ்டாப் வரை கூட்டிவையுங்கள். அதற்கு மேலே போனால் சரிகைக்கரை வெளுத்து, நெசவே காணாமல் போகும். மறுபக்கம் கறுப்பு உடுத்திய சபரிமலைச் சாமிமார் கூட்டம். ஆரியங்காவு கோயிலில் கார்த்திகை, மார்கழியில் அவர்களை எடுக்கிறவர்கள் இதையே திருப்பிப் போட்டு, கொஞ்சம் குறைக்க வேண்டும்.

எல்இடி விளக்கில் படத்துக்குக் குறுக்கே பட்டை

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடிக்குக் கொண்டுவாருங்கள், பட்டை போய்விடும்.

விஷுக்கணிக்கு ஃப்ளாஷ்

கேரளத்தில் விஷு அன்று விடியலில் கண் விழித்ததும் முதலில் பார்க்க வைக்கும் அலங்காரம்தான் விஷுக்கணி. அதில் ஏற்றும் நிலவிளக்கின் சுடர் 1900 கெல்வினுக்குப் பக்கம், ஆரஞ்சு நிறம். கொன்றைப்பூவும் கணிவெள்ளரியும் உருளியும் அந்த ஆரஞ்சில் மினுங்குவதற்காகத்தான் விடியும் முன்னே எழுந்து கண்ணைப் பொத்திக் கூட்டிப்போகிறார்கள். அதில் ஒரு ஃப்ளாஷை அடித்தால் மளிகைக்கடைப் படம்தான் மிஞ்சும். ஸ்டாண்ட் போடுங்கள், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், விளக்கில் இன்னொரு திரி போடுங்கள். சுடரின் மஞ்சளையும் முழுக்க வெள்ளையாக்கிவிடாதீர்கள்.

ஆளை வைத்துப் பழகுவது

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் வீட்டு ஆளையெல்லாம் உட்காரவைத்து வதைக்கிறார்கள். அஞ்சு நிமிஷத்தில் அவர்களுக்குச் சலித்துவிடும், அந்த அவசரத்தில் உங்களுக்கும் எதுவும் மண்டையில் ஏறாது. ஒரு வெள்ளை முட்டையை எடுத்துச் சன்னலோரம் வையுங்கள். அது கண் சிமிட்டாது, "முடிஞ்சுதா மக்கா" என்று கேட்காது. சன்னலை ஒட்டி ஒரு படம், ரெண்டடி தள்ளி ஒன்று, ஆறடி தள்ளி ஒன்று எடுங்கள். தள்ளத் தள்ள நிழலின் ஓரம் கூர்மையாவதைப் பாருங்கள். சன்னலில் வேட்டியைத் தொங்கவிட்டு ஒன்று, தெர்மோகோல் வைத்து ஒன்று. பிறகு முட்டைக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டை ஒன்றைத் தொங்கவிட்டு எடுங்கள், என்னுடைய நிச்சயதார்த்தக் கதை அந்த ஓட்டில் அப்படியே தெரியும். வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு தடவை முட்டையை மாற்றிவிடுங்கள். பழையதை ஆம்லெட் போடுவதற்கு முன் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.