பி. ரம்லியைத் தேடி நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் கிராப் செயலியில் ‘ஜாலான் பி. ரம்லி’ என்று தட்டினால், இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் கேஎல்சிசி பக்கத்தில் ஹோட்டல்களும் இரவு விடுதிகளும் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் உங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும், மலாய் சினிமாவின் நடிகரும் இயக்குநரும் பாடகருமான ரம்லியின் வீடு கிடைக்காது. அவர் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீடு செத்தாப்பாக்கில் இருக்கிறது: தாமான் பி. ரம்லி, ஜாலான் டெடாப். இப்போது அது நினைவகம். சரி, பினாங்கில்? அங்கேயும் ஒரு ஜாலான் பி. ரம்லி உண்டு. அந்தத் தெருவில்தான் அவர் 1929 மார்ச் 22ஆம் தேதி பிறந்த மரவீடு இருக்கிறது. ஆக இரண்டு ஊர், ஒரே தெருப்பெயர், ஆனால் அந்தப் பெயருள்ள தெருவில் வீடு இருப்பது பினாங்கில் மட்டும்.

சின்னக் குழு நடைச் சுற்றுலாவில் இந்தக் குழப்பத்துக்கு விலை அதிகம். நாற்பது பேர் ஏறும் பஸ் என்றால் ஒருவர் வராதது தெரியாது. எட்டுப் பேர் நடக்கும் குழுவில் நீங்கள் வேறு தெருவில் நின்றுகொண்டு போன் அடித்தால், மற்ற ஏழு பேரும் வெயிலில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். பதிவு செய்ததும் வழிகாட்டியிடம் “சந்திக்கும் இடத்தின் லொக்கேஷன் அனுப்புங்கள்” என்று ஒரு வாட்சாப் போட்டுவிடுவதுதான் முறை.

எந்த ரம்லி என்று கேட்காமல் காசு கட்டுவது

ரம்லியின் வாழ்க்கை மூன்று ஊர்களில் நடந்தது. 1948 வரை பினாங்கு. பள்ளிக்கூடம், ஜப்பான்காரன் காலம், இசைக்குழு, வானொலிப் பாட்டுப் போட்டி எல்லாம் அங்கே. 1947இல் அந்தப் போட்டியில் முதல் இடம். அடுத்த வருடம் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதை இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார், ரம்லி சிங்கப்பூருக்குக் கிளம்பினார். 1964 வரை ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ. அதன்பிறகு 1973 வரை கோலாலம்பூர், உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோ.

நாம் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்த, மூன்று பிரம்மச்சாரிகள் அடிக்கும் கூத்தான ‘பூஜாங் லாப்போக்’ வகைப் படங்கள் எல்லாம் நடுவில் உள்ள சிங்கப்பூர்க் காலத்தில் எடுத்தவை. கோலாலம்பூர்ச் சுற்றுலாவில் போய் “அந்த மூன்று பேரும் தங்கியிருந்த வீடு எங்கே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி பாவம், தெற்கே கையைக் காட்டிச் சிரிப்பார். பினாங்குச் சுற்றுலா என்றால் ஒரு பையன் எப்படிப் பாடகன் ஆனான் என்ற கதை கிடைக்கும். கோலாலம்பூர்ச் சுற்றுலா என்றால் ஒரு நட்சத்திரம் எப்படி மங்கினார் என்ற கதை. இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு காசு கட்டுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமானது. ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பினாங்கு ஒத்துவரும்.

‘இது மலாய்க்காரர் சமாச்சாரம், நமக்கென்ன’

நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு இது. குடும்பத்தில் யாராவது ஒருவர் ஆசைப்பட்டு டிக்கெட் எடுத்திருப்பார், மற்றவர்கள் பின்னால் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நடப்பார்கள்.

அந்தக் காலத்து மலாய் சினிமாவில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள். ராஜ்ஹன்ஸ் ஒருவர். ‘ஹாங் துவா’வை எடுத்த பானி மஜூம்தார் இன்னொருவர். எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானவர் எல். கிருஷ்ணன். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1950இல் அவர் இயக்கிய ‘பக்தி’யில்தான் ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அதுவரை அவர் சின்ன வேடங்களில் வந்துகொண்டும், வேறு நடிகர்களின் வாயசைப்புக்குப் பின்னணி பாடிக்கொண்டும் இருந்தார். முகத்தில் பரு, பார்க்கச் சுமார் என்று ஒதுக்கப்பட்ட இளைஞனை முன்னால் நிறுத்தி, அவன் பாட்டை அவனையே பாட வைத்தது ஒரு பினாங்குத் தமிழர். தெரிந்துகொண்டு நடந்தால் அந்த மரவீட்டின் படியில் ஏறும்போது வேறு மாதிரி இருக்கும்.

கோலாலம்பூர்க் காலத்திலும் ஒரு முடிச்சு உண்டு. 1968இல் ரம்லி இயக்கி நடித்த ‘கெரிமிஸ்’ படத்தில் மலாய் ஓவியன் ஒருவன் லீலா என்ற இந்திய நடனப் பெண்ணைக் காதலிக்கிறான். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இன்றைக்குக்கூட ஒரு தயாரிப்பாளர் ரெண்டு தடவை யோசிக்கும் கதை அது. வழிகாட்டி இதைத் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்; பல வழிகாட்டிகள் குழுவில் தமிழர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் 1920களின் தொடக்கத்திலிருந்து நிற்கும் கொலிசியம் தியேட்டர் வழியாகக் குழு போகும். நம்மவர்களுக்கு அது தமிழ்ப் படம் பார்த்த கொட்டகை. உடனே குழுவில் ஒரு அங்கிள் எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று தொடங்கிவிடுவார். சுவையான கதைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் குழுவில் ஒரு ஜப்பானியத் தம்பதியும் கிளந்தானிலிருந்து வந்த இரண்டு மாணவிகளும் இருக்கிறார்களே. அந்தக் கதையைத் தே தாரிக் நேரத்துக்கு ஒத்திவையுங்கள்.

ஒரு படம்கூடப் பார்க்காமல் போவது

ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போங்கள். பத்துப் படம் வேண்டாம், இரண்டு போதும். 1955இன் ‘பெனாரெக் பெச்சா’ அவர் முதலில் இயக்கிய படம், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவனின் கதை. அதன் பக்கத்தில் ‘கெரிமிஸ்’ஸை வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் இருக்கும் தெம்பும் பின்னதில் தெரியும் கைச்சுருக்கமும், எந்த வழிகாட்டியும் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாதவை. பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் ‘கெத்தாரான் ஜீவா’வைக் கேட்டு வையுங்கள். எந்தச் சுற்றுலாவிலும் அந்தப் பாட்டு எப்படியும் வந்துவிடும்.

செத்தாப்பாக் வீட்டை அவசரமாகப் பார்ப்பது

பலர் அந்த வீட்டுக்குள் போனதும் முகம் சுருங்கிப் போகிறார்கள். “இவ்வளவுதானா?” என்பதுதான் முதல் வார்த்தை. சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் ஒரு சாதாரண வீடு. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் உடைகள், விருதுகள், இசைக்கருவிகள், படங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று வந்து, வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு, “அடுத்து எங்கே?” என்று கேட்கிறார்கள்.

அந்த “இவ்வளவுதானா” என்பதில்தான் கதையே இருக்கிறது. 1957இல் ‘அனாக்கு சஸாலி’க்காகத் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர், அப்பா, மகன் என இரண்டு வேடங்களையும் தானே நடித்தவர், கோலாலம்பூருக்கு வந்தபிறகு எடுத்த படங்கள் பழைய கூட்டத்தை இழுக்கவில்லை. வசதி குறைந்த ஸ்டூடியோ, சின்ன பட்ஜெட், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வெளியே இளைஞர்கள் கிட்டார் இசைக்கும் ‘பொப் யே யே’ அலைக்கும் மாறிவிட்டார்கள். 1972இல் வந்த ‘லக்சமானா டோ ரெ மி’ கடைசிப் படம். 1973 மே 29ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார், வயது 44. இருந்தபோது கைவிட்ட ஊர், போனபிறகு தெருவுக்குப் பெயர் வைத்தது. 1986இல் இந்த வீட்டை நினைவகமாகத் திறந்தது. 1990இல் டான் ஸ்ரீ பட்டம் கொடுத்தது.

அதனால் அந்த வீட்டில் அரை மணி நேரமாவது இருங்கள். விருதுப் பெட்டியின் முன்னால் நிற்பதைவிட, அறைகளின் அளவைப் பாருங்கள், கூரையின் உயரத்தைப் பாருங்கள், ஜன்னல் வழியாகத் தெரியும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு கலைஞர் தினம் காலையில் எழுந்து பார்த்தது அதைத்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடைசிக் கால வறுமையைப் பற்றி உருக்கமான கதைகள் ஏராளம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கூட்டிச் சொல்வார். கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே முகநூலில் போட்டுவிடாதீர்கள். “இது யார் சொன்னது, பத்திரிகையில் வந்ததா, குடும்பத்தார் சொன்னதா?” என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் சொல்லத் திணறுபவர் யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேட்கக்கூடாத கேள்வியும் ஒன்று உண்டு: எத்தனை கல்யாணம்? மூன்று. அது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அதையே மூன்று விதமாகக் கிளறி, அவர் வீட்டு வாசலிலேயே நின்று சிரிப்பது நன்றாக இல்லை. மூன்றாவது மனைவி சலோமாவை வெறும் மனைவியாக மட்டும் பார்ப்பதும் தவறு. அவரும் தன் பெயரில் பெரிய பாடகி.

கல்லறையில் நம் பழக்கங்கள்

ஜாலான் அம்பாங் முஸ்லிம் கல்லறையில்தான் ரம்லி அடக்கம். நடைச் சுற்றுலாவில் இதைச் சேர்த்திருந்தால் முழங்கால் தெரியும் அரைக்கால்சட்டை வேண்டாம். பெண்கள் ஒரு துப்பட்டா எடுத்துப் போனால் நல்லது. கல்லறைகளின் மேல் கால் வைக்காமல் நடைபாதையிலேயே போங்கள். கைப்பேசியில் அவர் பாட்டை ஓடவிடும் ஆசை வரும், வேண்டாம். வேறு குடும்பங்கள் அங்கே யாசின் ஓதிக்கொண்டிருக்கலாம். உதிரிப் பூ தூவுவது அவர்களிடமும் உள்ள வழக்கம்தான். அதற்காக நம் பாட்டி மாதிரி ஊதுபத்தி, கற்பூரம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

அங்கிருந்து பக்கத்திலேயே சலோமா பாலம். வெற்றிலை அடுக்கான சீரே ஜுன்ஜோங்கின் வடிவத்தில், கேஎல்சிசி பக்கத்தையும் கம்போங் பாருவையும் இணைத்து, 2020இல் திறந்த நடைபாலம். இருட்டியபின் விளக்கு எரியும்போது கூட்டம் அங்கே போட்டோவுக்கு முண்டும். குழுவை விட்டுப் பிரிந்து தொலைந்துபோவது பெரும்பாலும் இந்தப் பாலத்தில்தான். சௌகிட் பக்கம் திரும்பினால் வழிகாட்டி பாடகர் சுடிர்மானைப் பற்றியும் பேசுவார். 1986இல் நடுச்சாலையில் ஒரு லட்சம் பேரைக் கூட்டிப் பாடியவரை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. “நாங்கள் ரம்லிக்குத்தானே காசு கட்டினோம்” என்று முணுமுணுக்க வேண்டாம்.

நாள், நேரம், செருப்பு

திங்கட்கிழமையில் போகாதீர்கள், நினைவகங்கள் மூடியிருக்கும் நாள் அது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக அடைப்பார்கள். பொதுவிடுமுறை என்றால் முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் மூன்று, நான்கு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் நடை அதோடு சரி. காலையில் பசியாறிவிட்டு எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்கும் சுற்றுலாதான் தேவலை. பினாங்கில் போகும் வழியில் நாசி கண்டாரைக் கறிக்குழம்போடு வெளுத்துக் கட்டிவிட்டு வெயிலில் நடப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பினாங்கு வீடு குட்டைத் தூண்களின் மேல் நிற்கும் பலகை வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். கயிறு கட்டும் பூட்ஸ் போட்டு வந்த ஒருவர் படியில் உட்கார்ந்து முடிச்சோடு போராடிக்கொண்டிருக்க, உள்ளே வழிகாட்டி பாதிக் கதையை முடித்துவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாட்டிக் கழற்ற வசதியான செருப்பு, ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான் சாமான்.

மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுபவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும்; அட்டை கழுத்தில் தொங்கும். மலிவாக இருக்கிறதே என்று அட்டை இல்லாத ஆளை நம்பிப் போனால், நடுவில் ஏதாவது சிக்கல் வந்தால் கேட்க நாதியில்லை. மொழியையும் பதிவு செய்யும்போதே பேசிக்கொள்ளுங்கள். நினைவகங்களில் மலாய் எழுத்துதான் அதிகம். பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், ஆறேழு பேராகச் சேர்ந்து தனிக் குழுவாகப் பதிந்து, தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இரண்டு ஊரிலும் உண்டு, பள்ளி விடுமுறையில் மட்டும் கிடைப்பது கஷ்டம்.